ஓட்டு இல்லாதவர்களுக்காக யார் பேசுவது?

காலை நடையை முடித்துக்கொண்டு வாழப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிப்பது எங்கள் நால்வரின் வழக்கம். நால்வருமே பென்ஷன்காரர்கள். பாக்கு விலையில் ஆரம்பித்து, மழை, முட்டிவலி, பேரப்பிள்ளைகள் என்று பேச்சு சுற்றி வரும். போன வாரம் அது அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

நண்பர் ஒருவர், மேல்நிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. பன்னிரண்டு வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறான். எந்த நாட்டுக்காரருக்கும் வருடத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது என்பது அங்கே சட்டம். சின்ன நாட்டுக்கும் அதே ஏழு, நூற்று நாற்பது கோடி பேர் இருக்கும் நமக்கும் அதே ஏழு. இதை மாற்ற ஒரு மசோதா 2019 ஜூலையில் அவர்களுடைய கீழ்சபையில் 365க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. அடுத்த வருடம் டிசம்பரில் செனட்டும் தன் பங்குக்கு ஒன்றை நிறைவேற்றியது. இரண்டு சபையும் ஒரே வாசகத்துக்கு வராததால் மசோதா செத்துப்போனது.

"ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் இந்தியர்கள் வேணும். சட்டம் போடச் சொன்னா கையை விரிக்கிறானுங்க. என்ன சார் ஜனநாயகம் இது?" என்று நண்பர் பொரிந்து தள்ளினார். அவர் கோபம் நியாயமானதுதான். மகன் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்குமோ என்று பயந்து, சொந்தத் தாத்தாவின் காரியத்துக்கே வரவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், உங்க பேரன் டல்லாஸில் பிறந்த அன்னைக்கே அமெரிக்கன் ஆயிட்டான். ஆத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்த ஒரு பொண்ணு பத்தொன்பது வருஷமா இந்தியன் ஆக முடியலை. அதுக்கு நம்ம எம்.பி.க்கள் என்ன பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டேன். "அது வேற, இது வேற" என்றார் நண்பர். டீக்கடையில் முடிக்க முடியாத பேச்சை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது தீபாவளிக்கு முன்னால். வீட்டுக்கு வெள்ளையடித்து நாலு வருடம் ஆகிவிட்டதே என்று வீட்டுக்காரம்மா நச்சரித்ததால் பெயிண்டர் ஒருவரை வரவழைத்தோம். நாற்பது வயது தாண்டியவர். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே, "சார், என்னைத் தெரியலைங்களா? நீங்கதான் எங்க முகாமுக்கு ரோல் கால் எடுக்க வருவீங்க" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. 1998லிருந்து மூன்று வருடம், வருவாய்த் துறையில் இருந்தபோது, இலங்கை அகதிகள் முகாம் ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. குறிப்பிட்ட நாளில் போவேன். குடும்ப அட்டையோடு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பெயரைப் படிப்பேன். ஆள் இருந்தால் டிக். இல்லாவிட்டால் பணக்கொடை நிறுத்தம். பெயர் அடிக்கப்பட்டுவிட்டால் மறுபடி சேர்ப்பதற்குள் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

அப்படி ஒருநாள் பதிவேட்டை மூடிய பிறகு ஒரு மனிதர் ஓடி வந்தார். வெளியூரில் பெயிண்ட் வேலை, பஸ் கிடைக்கவில்லை என்றார். "நேரம் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். அந்தக் குடும்பத்துக்கு மறுபடி பணம் வர நாலு மாதம் ஆனது என்று பிறகு தெரிந்தது. அந்த மனிதரின் மகன்தான் இப்போது என் வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, "அதெல்லாம் ரூல் சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சிரித்தார். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு உறுத்துகிறது.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அவருடைய கதையைச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் அப்பா ராசிபுரம் பக்கத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணி அழைத்துப்போக, கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். சேலம், நாமக்கல், ஆத்தூர், துறையூர் பகுதிகளிலிருந்து இப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். 1948ல் சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. முந்தின வருடத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்த தோட்டத் தமிழர்கள் பத்து லட்சத்துக்கு அருகில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஆளைப் பிரித்துக்கொண்டார்கள்.

இவருடைய குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. 1977 கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வவுனியா பக்கம் இறங்கியது. 1990ல் சண்டை மறுபடி மூண்டபோது படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக நம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது இவருக்கு எட்டு வயது. மூதாதை புறப்பட்ட கிராமத்துக்கு அருகிலேயே நான்காம் தலைமுறை வந்து சேர்ந்தது, 'வெளிநாட்டவர்' என்ற பெயரோடு.

அவர் மகள் 2006ல் பிறந்தவள். நர்சிங் படிக்கிறாள். ஆதார் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் இருக்கிறது. கல்லூரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாம் போட்டபோது வகுப்பே போய் ஆறாம் நம்பர் படிவத்தை நிரப்பியிருக்கிறது. இவள் தலைவலி என்று சொல்லி விடுதியில் படுத்துக்கொண்டாள். கூடப் படிக்கிறவர்கள் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போகத் திட்டம் போடுகிறார்கள். இவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. "நான் இலங்கையைப் பார்த்ததே இல்லையே அப்பா, நான் எப்படி இலங்கைக்காரி?" என்று கேட்கிறாளாம்.

அவள் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. நானும் இந்தியக் குடியுரிமைச் சட்டமும் ஒரே வருடத்துப் பிள்ளைகள், 1955. எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் நடுவில் இந்திய மண்ணில் பிறந்தவர் எவரானாலும் இந்தியர். அப்பா அம்மா யார் என்ற கேள்வியே இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர் என்றால் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசித் திருத்தத்தை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2003 டிசம்பரில். அதே 2003ல்தான் இலங்கை நாடாளுமன்றம் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே ஒரு கதவு திறந்த வருடத்தில் இங்கே ஒரு கதவைச் சாத்தினோம்.

முறையான பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. குண்டு விழும்போது படகில் ஏறியவர் எந்த அலுவலகத்தில் போய் பாஸ்போர்ட் வாங்கியிருப்பார்? அரசாங்கமே பதிவு செய்து, அட்டை கொடுத்து, என்னைப் போல் ஒருவனை அனுப்பி முப்பத்தைந்து வருடமாகத் தலை எண்ணியவர்களை 'சட்டவிரோதம்' என்று எந்த வாயால் சொல்வது?

இதைச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு 2019ல் வந்தது. குடியுரிமைத் திருத்த மசோதா. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து விலக்கியது. பதினொரு வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்பதை ஐந்து வருடமாகக் குறைத்தது. மதத்தைக் கேட்டுக் குடியுரிமை கொடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அதை வேறொரு நாள் பேசுவோம். இன்றைய கேள்வி, நான்காவதாக 'இலங்கை' ஏன் இல்லை என்பதுதான்.

டிசம்பர் 9ஆம் தேதி மக்களவையில் 311க்கு 80. அங்கே தமிழ்நாட்டு உறுப்பினர்கள் என்ன செய்தாலும் முடிவு மாறாது. ஆனால் 11ஆம் தேதி மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105 என்று செய்தி வந்தது. அந்தக் கணக்குப்படி பதினோரு பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். அதிமுக உறுப்பினர்களும் பாமகவும் ஆதரித்து வாக்களித்தார்கள். இலங்கைத் தமிழரையும் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டே வாக்களித்தார்கள். 'அந்த ஒரு வார்த்தையைச் சேருங்கள், அப்புறம் ஓட்டுப் போடுகிறோம்' என்று பேரம் பேச அதைவிட நல்ல நாள் இனி வருமா? அன்று முதலமைச்சர் நம் சேலம் மாவட்டத்துக்காரர் என்பதால் எனக்கு ஆதங்கம் இரட்டிப்பு. பிறகு 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி அதே சட்டத்தைக் கைவிட வலியுறுத்துவோம் என்றது!

இதைப் படிக்கும் திமுக நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். 1996லிருந்து 2013 வரை பெரும்பாலான வருடங்கள் மத்திய ஆட்சியில் பங்கு வகித்தது திமுக. கேபினட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் முடியாதது, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து கேட்டால் கிடைத்துவிடுமா? 2021ல் முதல்வர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார். 7,469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னார். பணக்கொடையை உயர்த்தினார். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார். நல்ல காரியங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அந்தச் செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார்கள். ஆனால் குடியுரிமை கோட்டையில் கிடைக்காது. அது டெல்லிச் சமாச்சாரம். 2014ல் 37 அதிமுகக்காரர்களை அனுப்பினோம். 2024ல் புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதும் திமுக கூட்டணி. நாற்பது பேரும் ஒருநாள் இந்த ஒரு விஷயத்துக்காகச் சபையை அதிர வைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

ஏன் என்று எனக்கு ஒரு நேரடி அனுபவம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஐந்தாறு பென்ஷன்காரர்கள் ஒரு மனு எழுதிக்கொண்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனோம். யார், எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். உதவியாளர் மரியாதையாக உட்கார வைத்தார், காபி கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டு, "அந்த முகாம்ல எத்தனை ஓட்டுங்க சார்?" என்று கேட்டார். "ஓட்டே கிடையாதே தம்பி, அதுக்குத்தானே மனு" என்றேன். "அண்ணன்கிட்ட சொல்றேங்க" என்று சொல்லி, மேஜையில் இருந்த கட்டின் அடியில் அதைச் செருகினார். அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. அவர் வேலையே ஓட்டு எண்ணுவதுதான், என் வேலை ஒரு காலத்தில் தலை எண்ணுவதாக இருந்ததுபோல.

எதிர்த்தரப்பு வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து லட்சக்கணக்கானவர்களுக்கு ஏற்கெனவே குடியுரிமை கொடுத்தாயிற்று என்கிறது மத்திய அரசுத் தரப்பு. அது இரண்டு அரசுகள் பேசி முடித்த பழைய கணக்கு. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் வேறு ஆட்கள். எல்லோருக்கும் இங்கே குடியுரிமை கொடுத்துவிட்டால் இலங்கையில் தமிழர் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று ஈழத்தமிழர்களிலேயே சிலர் கவலைப்படுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. திரும்பிப் போக விரும்புகிறவர் போகட்டும், அரசு கப்பல் டிக்கெட்டுக்கு உதவட்டும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் போவதா இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பெயிண்டருக்கும் அவர் மகளுக்கும் இருக்க வேண்டாமா? 'ஒருத்தருக்குத் திறந்தால் எல்லோரும் வருவார்கள்' என்பது மூன்றாவது வாதம். முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே பதிவு செய்துகொண்டவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர் என்பது 2021ல் அரசு சொன்ன கணக்கு. பெயர், ஊர், கைரேகை வரை அரசிடம் இருக்கிறது. வந்து சேர்ந்த தேதி ஒன்றை வைத்துக் கோடு போட்டால் புதிதாக ஒருவர்கூட நுழைய முடியாது.

சட்டசபைகள் தூங்கும்போது நீதிமன்றத்துக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போட்டார். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் என்பதால் அவர் இந்தியரே என்று 2022ல் மதுரைக் கிளை சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். பேப்பரில் மை வைத்த விரலோடு அவர் படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் தம்பி தங்கைகள் வயதில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதி உதவாது. 2025 மே மாதம் வேறொரு இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா எல்லோரையும் தங்க வைக்கும் தர்ம சத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. சத்திரத்தில் தங்குகிறவர் நாலு நாளில் போய்விடுவார். இவர்கள் முப்பத்தைந்து வருடமாக நம் வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025ல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று புதிதாக ஒன்று வந்தது. செப்டம்பர் 1 முதல் அமல். அதை ஒட்டி வந்த ஆணையில் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று இருக்கிறது. பெயிண்டரிடம் சொன்னேன். "ஜெயில்ல போட மாட்டாங்க, அவ்வளவுதானே சார்?" என்றார். அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று தெரிகிறது. தேதி போட்டு, 'பதிவு செய்த இலங்கைத் தமிழர்' என்று எழுத டெல்லிக்குத் தெரிகிறது. அதே வாசகத்தைக் குடியுரிமைச் சட்டத்தில் எழுதினால் போதும்.

எங்கள் ஊர் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட வாழப்பாடி ராமமூர்த்தி, 1991ல் காவிரிப் பிரச்சினைக்காக மத்திய இணையமைச்சர் பதவியை ராஜினாமா செய்தவர். அவருடைய அரசியலில் எனக்குப் பல மனக்கசப்பு உண்டு. இருந்தாலும் அந்த ராஜினாமாவை இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறோம். காவிரிக்குப் பின்னால் ஓட்டு இருந்தது என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன், முகாமுக்குப் பின்னாலும் ஓட்டு இருக்க வேண்டும். அவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

வாழப்பாடி சேலம் மாவட்டமானாலும் சட்டமன்றத்துக்கு ஏற்காடு தொகுதி, மக்களவைக்குக் கள்ளக்குறிச்சி தொகுதி. எம்.பி.யைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். பரவாயில்லை, தபால் போகும். மறுபடியும் தேர்தல் வரும். எல்லாக் கட்சிக்காரரும் வாசலுக்கு வருவார்கள், மேடையில் ஈழம் பற்றித் தொண்டை கிழியப் பேசுவார்கள். அவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: "உங்கள் கட்சி எம்.பி. இதற்காக எந்தத் தேதியில், எந்தச் சபையில், என்ன திருத்தம் கொடுத்தார்?" தனிநபர் மசோதா எதுவும் 1970க்குப் பிறகு சட்டமானதில்லை என்று எனக்கும் தெரியும். தோற்றாலும் பரவாயில்லை, யார் கை தூக்கினார், யார் தூக்கவில்லை என்பது பதிவாகட்டும்.

கணக்கு ஆசிரியர் நண்பருக்கு இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லெட்டர் டிராப்ட் பண்ணுங்க சார், நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா கிரீன் கார்டு விஷயத்துல என் கோபம் அப்படியேதான் இருக்கும்" என்றார். இருக்கட்டும். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறோம்.